குல்மார்க்கில் பனிச்சறுக்கு: வானிலை, பனி, பனிச்சரிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலத்தில் காஷ்மீர் போகிறவர்கள் குல்மார்க்கில் ஒரு நாள் பனியில் விளையாடிவிட்டுத் திரும்பிய காலம் மாறிவிட்டது. நம் ஊர்க்காரர்களே சறுக்குப் பலகை வாடகைக்கு எடுத்து, நாலைந்து நாள் தங்கிக் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த வருஷம் கோண்டோலா என்ற கம்பிவடப் பெட்டியில் மேலே ஏறி அஃபர்வட் மலையிலிருந்து இறங்க ஆசைப்படுகிறார்கள். அப்படிப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சறுக்காமல் வேடிக்கை பார்க்க மட்டும் போகிறவர்களுக்கும் சில பதில்கள் உண்டு.

எந்த மாதத்தில் நல்ல பனி இருக்கும்?

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளைக் காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்பார்கள். குளிர் உச்சத்தில் இருக்கும் காலம் அது. அதற்கு அடுத்த இருபது நாள் சில்லாய் குர்த், கடைசிப் பத்து நாள் சில்லாய் பச்சா. இந்த எழுபது நாளுக்குள் விழும் பனிதான் நின்று தங்கும். மார்ச்சிலும் சறுக்கலாம், ஆனால் பனியின் குணம் மாறியிருக்கும்.

இந்தக் கணக்கை நம்பி மட்டும் டிக்கெட் போட வேண்டாம். 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பனியே இல்லாமல் பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதியைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள். முடிந்தால் தேதியை மாற்றிக்கொள்ளும்படி பதிவு செய்யுங்கள்.

இந்தப் பனி எங்கிருந்து வருகிறது? முன்னறிவிப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகர்ந்து வரும் காற்றுச் சுழற்சிகள் கொண்டுவருகின்றன. இந்திய வானிலைத் துறை இவற்றை மேற்கத்தியக் கலக்கம் என்று சொல்லும். இமயமலையில் முட்டி மேலெழும்போது ஈரம் பனியாகக் கொட்டுகிறது. செய்தியில் ‘மேற்கத்தியக் கலக்கம் நெருங்குகிறது’ என்று கேட்டால், அடுத்த இரண்டு மூன்று நாளில் குல்மார்க் இருக்கும் பீர் பஞ்சால் மலைத்தொடரில் பனி விழ வாய்ப்பு அதிகம்.

முன்னறிவிப்பில் எல்லோரும் தேடுவது எத்தனை சென்டிமீட்டர் பனி விழும் என்பதை. நான் முதலில் பார்க்கச் சொல்வது காற்றை. எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில், எத்தனை மணி நேரம் அடிக்கும் என்று பாருங்கள். ஸ்ரீநகருக்கான முன்னறிவிப்பை வைத்து மலையுச்சியை எடை போட முடியாது. உயரத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கும் வசதியுள்ள செயலிகளில் 4,000 மீட்டருக்கான கணிப்பைப் பாருங்கள்.

குளிர் எவ்வளவு இருக்கும்?

குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோண்டோலாவின் முதல் கட்டம் கோங்டூரி வரை, சுமார் 3,080 மீட்டர். இரண்டாம் கட்டம் அஃபர்வட்டின் தோளில், சுமார் 3,950 மீட்டரில் இறக்கிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்று வைத்துக்கொண்டால், ஊரில் மைனஸ் 7 இருக்கும்போது மேலே மைனஸ் 15. அதில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்தால் தோலுக்கு மைனஸ் 27 போல உறைக்கும். கையுறையைக் கழற்றிப் போட்டோ எடுக்கும் அந்த இரண்டு நிமிடத்திலேயே விரல் மரத்துப்போகும். மெல்லிய உள் கையுறை ஒன்றைப் போட்டு, அதன்மேல் தடித்ததைப் போடுங்கள்.

இரண்டாம் கட்டக் கோண்டோலாவை அடிக்கடி மூடுகிறார்களே, ஏன்?

மூன்று காரணங்கள். ஒன்று, பலத்த காற்று. இரண்டு, மேகம் இறங்கி எதிரே நிற்பவர் தெரியாத நிலை. மூன்றாவதுதான் முக்கியம்: பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகு பனி ரோந்துக் குழு மேலே போய்ப் பார்த்து, ஆபத்தான பகுதிகளைச் சரிசெய்யும் வரை ஆட்களை ஏற்ற மாட்டார்கள். பனி நின்று இரண்டு நாள் ஆகியும் திறக்கவில்லை என்று டிக்கெட் கவுன்டரில் சண்டை போடுபவர்களைப் பார்க்கலாம். திறக்காததற்கு நன்றி சொல்ல வேண்டிய நாட்கள் அவை.

பனிச்சரிவு எப்படி உண்டாகிறது?

மலையில் பனி ஒரே கட்டியாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஒரு அடுக்கு. நடுவில் வெயில் அடித்தால் மேல்பரப்பு உருகி இரவில் கண்ணாடியாகிவிடும். பல நாள் தெளிந்த வானமும் கடுங்குளிரும் இருந்தால் பனிக்குள்ளிருக்கும் குருணைகள் பெரிதாகி, ஒன்றோடொன்று ஒட்டாமல், கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி உதிரும். அதன்மேல் புதுப்பனி விழுந்து, காற்று அதை இறுக்கிக் கெட்டியாக்குகிறது. இப்போது மேலே கனமான இறுகிய அடுக்கு, அடியில் பிடிமானமே இல்லாத உதிரி அடுக்கு. சறுக்கு வீரர் ஒருவரின் எடை போதும், அடியில் இருப்பது நொறுங்கும். அந்த நொறுங்கல் நொடியில் பக்கவாட்டில் பரவும். மேலிருக்கும் அடுக்கு முழுவதும் வெட்டுப்பட்டு இறங்கும்.

ரோந்துக் குழுவினரும் அனுபவமுள்ள வழிகாட்டிகளும் குழி தோண்டுவது இதைப் பார்க்கத்தான். ஒரு மீட்டருக்கு மேல் ஆழமாக வெட்டி, சுவரைச் சமமாகச் சீவி, மேலிருந்து கீழாக விரலால் அழுத்திக்கொண்டே வருவார்கள். சில இடத்தில் விரல் நுழையாது. திடீரென்று ஒரு இடத்தில் முஷ்டியே உள்ளே போகும். அங்கேதான் சந்தேகம். பிறகு முப்பது சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பனித் தூணைத் தனியாக வெட்டி நிறுத்தி, தூணின் தலையில் பனி அள்ளும் ஷவலை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. மணிக்கட்டுத் தட்டிலேயே தூண் வெட்டியது போல நழுவி முன்னால் விழுந்தால், மலையின் அந்த முகத்தில் அன்றைக்குச் சறுக்க மாட்டார்கள். ஒருமுறை பக்கத்தில் நின்று இதைப் பார்த்துவிட்டால், வெள்ளையாகத் தெரியும் மலை அதற்கப்புறம் வெறும் வெள்ளையாகத் தெரியாது.

எந்த இடத்தில் வரும் என்று எப்படித் தெரியும்?

சரிவின் கோணம்தான் முதல் கேள்வி. 30 டிகிரிக்குக் குறைந்த இடத்தில் இறுகிய அடுக்கு வெட்டுப்பட்டு நகர்வது அரிது. 30 முதல் 45 வரை ஆபத்து, அதிலும் 35க்கும் 40க்கும் இடையில் அதிகம். சறுக்குவதற்கு மிகவும் பிடித்த கோணமும் அதுவே. கோணம் அளக்கும் செயலி செல்போனிலேயே கிடைக்கும். சறுக்குக் கோலைப் பனிமேல் கிடத்தி, அதன்மேல் போனை வைத்துப் பாருங்கள். கண்மதிப்பு பெரும்பாலும் தவறும்.

நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தால் மட்டும் போதாது. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கில்லன்மார்க் பரந்த புல்வெளிதான், ஆனால் மேலே அஃபர்வட்டின் செங்குத்தான முகங்கள் தொங்குகின்றன. அடியில் நடந்து போகிறவரின் எடையே மேலே இருப்பதை இழுத்துவிடவும் கூடும்.

அடுத்தது காற்று. குல்மார்க்கைப் பார்த்திருக்கும் முகம் ஏறக்குறைய வடகிழக்கு. புயல் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து வருகிறது. அது முகட்டின் அந்தப் பக்கப் பனியை வாரி, இந்தப் பக்கம் காற்று படாத முகங்களில் கொட்டுகிறது. வானத்திலிருந்து 20 சென்டிமீட்டர் விழுந்த நாளில், முகட்டுக்குக் கீழே ஒரு பள்ளத்தில் ஒரு மீட்டர் சேர்ந்திருக்கலாம்.

வானம் தெளிந்து வெயில் அடிக்கிறது. இன்றைக்குப் பயமில்லைதானே?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பேர் தவறான பதிலை மனதில் வைத்துக்கொண்டு மலையேறுகிறார்கள். புயல் நின்று வானம் நீலமாகும் முதல் நாளும் இரண்டாம் நாளும்தான் மிகவும் ஆபத்தானவை. புதுப்பனியின் பாரம் இன்னும் பழைய அடுக்கோடு ஒட்டவில்லை. கோண்டோலா திறந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மேலே போகிறார்கள். தொடாத பனியில் முதல் கோடு போட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும். புயல் நாளில் மலையில் ஆளே இருப்பதில்லை, அதனால் யாரும் மாட்டுவதில்லை.

இன்றைய வானத்தைப் பார்க்காதீர்கள். கடந்த மூன்று நாளைப் பாருங்கள். எவ்வளவு விழுந்தது, எந்தப் பக்கமிருந்து காற்று அடித்தது, வெப்பம் சட்டென்று ஏறியதா? 24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் விழுந்திருந்தால், முதல் நாள் கோங்டூரியைச் சுற்றிய மென்மையான இடங்களிலேயே இருங்கள். அதுவும் நல்ல சறுக்கல்தான்.

மலையே சொல்லும் அறிகுறிகளும் உண்டு. பக்கத்து முகத்தில் புதிதாக இறங்கிய பனிச்சரிவின் தடம். காலடியில் ‘வும்ப்’ என்று பனி அமுங்கும் சத்தம். பலகையின் முனையிலிருந்து பனியில் ஓடும் விரிசல். இதில் ஒன்றைக் கண்டாலும் செங்குத்தான இடத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள். பேசி முடிவெடுக்க எதுவும் மிச்சமில்லை.

அரசு எச்சரிக்கை எங்கே கிடைக்கும்? ‘மிதமான ஆபத்து’ என்றால் போகலாமா?

பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் கீழ் சண்டிகரில் இயங்கும் டிஜிஆர்இ மாவட்ட வாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது. முன்பு சாசே என்ற பெயரில் இருந்த அமைப்பின் வேலையை 2020 முதல் இதுதான் செய்கிறது. ஜம்மு காஷ்மீர் பேரிடர் மேலாண்மை ஆணையம் அந்த எச்சரிக்கையை மக்களுக்குக் கொண்டுசேர்க்கிறது. ‘அடுத்த 24 மணி நேரத்தில் இந்தந்த மாவட்டங்களில் இவ்வளவு உயரத்துக்கு மேல்’ என்ற வடிவில் வரும். குல்மார்க் பாரமுல்லா மாவட்டத்தில் இருக்கிறது, அந்தப் பெயரைத் தேடுங்கள். ஒரு மாவட்டம் முழுவதற்குமான பொது அறிவிப்பு அது. நீங்கள் நிற்கும் பள்ளத்தைப் பற்றி அதில் இருக்காது. காலையில் ரோந்துக் குழுவிடம் கேட்பது அதற்காகத்தான்.

உலகின் பெரும்பாலான பனிமலைகளில் ஆபத்தை 1 முதல் 5 வரை அளக்கிறார்கள். நடுவில் இருப்பதால் 3 என்பதைப் பலர் மிதமான ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உயிரிழப்பு அதிகமாக நடப்பது 3 அறிவிக்கப்பட்ட நாட்களில்தான். 4, 5 நாட்களில் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். 3 என்றால், மனிதர் ஏறினால் சரியும் என்று படியுங்கள்.

ரோந்துக்கு உட்பட்ட பகுதி எது?

கோண்டோலாவுக்கு அடியில் விரியும் பெரிய கிண்ணப் பகுதியும் அதை ஒட்டிய பாதைகளும். இரண்டாம் கட்டத்தில் இறங்கி முகட்டோடு இடமோ வலமோ நகர்ந்தால், சில நிமிடங்களில் யாரும் கண்காணிக்காத மலைக்குள் போய்விடுவீர்கள். சுவரோ வாசலோ இருக்காது. ஐரோப்பிய ஊர்களில் சறுக்கிப் பழகியவர்கள்கூட இங்கே ஏமாறுவது இதனால்தான்: கோண்டோலா ஏற்றிவிட்ட இடம் என்பதால் எல்லாமே பாதுகாப்பான இடம் என்று நினைத்துவிடுகிறார்கள். முகட்டின் பின்புறம் இறங்கவே கூடாது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு வெகு தூரத்தில் இல்லை.

இங்கே உண்மையில் விபத்துகள் நடந்திருக்கின்றனவா?

நடந்திருக்கின்றன. 2010 பிப்ரவரி 8 அன்று கில்லன்மார்க்கில், ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். மலையிலேயே பயிற்சி எடுத்தவர்கள் அவர்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வட்டின் ஹாபத்குட் பகுதியில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் இறந்தார்கள், பலர் மீட்கப்பட்டார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று, ஊரில் கேலோ இந்தியா போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோதே, மேலே ஒரு ரஷ்யர் உயிரிழந்தார். மூன்றும் பிப்ரவரி. பனி ஆழமாகி, சறுக்க வருகிறவர்களும் அதிகமாக இருக்கும் மாதம் அது.

என்ன கருவிகள் வேண்டும்?

ரோந்துப் பகுதியைத் தாண்டினால் மூன்று கட்டாயம்: சிக்னல் அனுப்பும் டிரான்ஸீவர், நீள மடக்குக் கம்பி, உலோக ஷவல். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன்படாது. சிக்னல் இடத்தைக் காட்டும், கம்பி ஆழத்தைக் காட்டும், ஷவல் இல்லாமல் தோண்ட முடியாது. இறுகிய பனியைக் கையால் பறிப்பது நடக்காத காரியம். ஊரில் வாடகைக்குக் கிடைக்கும். வாங்கும்போது பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள், குழுவில் எல்லோருடையதும் அனுப்புகிறதா, தேடுகிறதா என்று சோதியுங்கள்.

டிரான்ஸீவரை உடம்போடு கட்டி, செல்போனை அதிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். தேடும்போது போனை அணைத்துவிடுவது நல்லது. கைப்பிடியை இழுத்தால் ஊதிக்கொள்ளும் காற்றுப்பை உள்ள முதுகுப்பை உயிர்பிழைக்கும் வாய்ப்பை நன்றாகவே கூட்டுகிறது, ஆனால் மரத்திலோ பாறையிலோ மோதினால் காப்பாற்றாது. அதன் வாயு சிலிண்டரை விமானத்தில் கொண்டுபோக விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும்.

ஒருவர் புதைந்துவிட்டால் என்ன செய்வது?

முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆனால் மூன்றில் ஒருவர்தான். ஊரிலிருந்து மீட்புக் குழு எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த 10 நிமிடத்துக்குள் வருவது கடினம். காப்பாற்ற வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் நீங்கள்தான்.

கண்ணைவிட்டு மறைந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மேலே இன்னொரு அடுக்கு தொங்குகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒருவர் உதவிக்கு அழைக்கட்டும், மற்ற எல்லோரும் டிரான்ஸீவரைத் தேடும் நிலைக்கு மாற்றுங்கள். ஒருவர் மாற்ற மறந்தாலும் அவருடைய சிக்னலையே எல்லோரும் துரத்துவீர்கள். கருவி காட்டும் எண் குறையக் குறைய வேகத்தைக் குறைத்து, கடைசி மூன்று மீட்டரில் கருவியைப் பனியை ஒட்டிப் பிடியுங்கள். மிகச் சிறிய எண் கிடைத்த இடத்திலிருந்து சுற்றிச் சுற்றிக் கம்பியைக் குத்துங்கள். உடம்பில் பட்டால் கை சொல்லிவிடும். கம்பியை உருவாதீர்கள். நேர்மேலிருந்து தோண்டாமல், சரிவின் கீழ்ப்பக்கமாகச் சற்றுத் தள்ளி நின்று உள்நோக்கித் தோண்டுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மீட்டர் ஆழப் பனிச்சரிவுக் குவியல் சுமார் 400 கிலோ இருக்கும். தோண்டுவதுதான் நேரத்தைத் தின்னும் வேலை, மாறி மாறிச் செய்யுங்கள். முகம் தெரிந்ததும் வாயையும் மூக்கையும் சுத்தம் செய்து மூச்சைப் பாருங்கள்.

இதைப் படித்துக் கற்க முடியாது. கருவியைப் பையில் போட்டுப் புதைத்துவைத்து, கடிகாரம் பார்த்து, குழுவோடு பலமுறை தேடிப் பழகுங்கள்.

நானே மாட்டிக்கொண்டால்?

முதல் நொடியில் பக்கவாட்டில் தப்பப் பாருங்கள். முடியாவிட்டால் கோலை விட்டுவிட்டு, காற்றுப்பையின் கைப்பிடியை இழுத்து, மேலேயே இருக்கப் போராடுங்கள். வேகம் குறையும்போது ஒரு கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் வையுங்கள். நின்றதும் பனி இறுகிவிடும், அதன்பின் விரலைக்கூட அசைக்க முடியாது.

காட்டுக்குள் சறுக்கினால் பாதுகாப்பா?

பாபா ரேஷி பக்கமும் திராங் பக்கமும் மரங்களுக்கு நடுவே இறங்கும் வழிகள் அருமையானவை. புயல் நாளில் கண்ணுக்குப் பிடிமானமும் கிடைக்கும். ஆனால் நீங்கள் தாராளமாக வளைந்து போகும் அளவு மரங்கள் விலகி நின்றால், பனிச்சரிவும் அங்கே புகும். அடிமரத்தைச் சுற்றிக் குழியாக இருக்கும், தலைகீழாக விழுந்தால் தானாக ஏற முடியாது. எப்போதும் இருவராக, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் போங்கள்.

மார்ச்சில் ஆபத்து குறைவா?

வேறு மாதிரி. காலையில் உறைந்து கெட்டியாக இருக்கும் பனி, வெயில் ஏற ஏறத் தண்ணீர் குடித்துக் கனமாகி, மதியத்துக்கு மேல் ஈரப் பனிச்சரிவாக இறங்கும். கால் முட்டி வரை புதைய ஆரம்பித்தால் வெயில் படும் முகங்களை விட்டு இறங்கிவிடுங்கள். காலையில் சீக்கிரம் போய் மதியத்துக்குள் முடிப்பதே வழக்கம்.

நான் சறுக்கப் போவதில்லை, குடும்பத்தோடு கோண்டோலாவில் ஏறிப் பார்க்கத்தான். எனக்கு என்ன?

மேல் நிலையத்தைச் சுற்றி, ஆட்கள் நடமாடும் இடத்திலேயே இருங்கள். போட்டோவுக்காக முகட்டின் ஓரத்துக்குப் போகாதீர்கள். காற்று கட்டிய பனி விளிம்பு வெற்று வெளிமேல் நீட்டிக்கொண்டிருக்கும், அடியில் தரை இல்லை என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது.

கடல்மட்டத்தில் வாழும் நமக்கு உயரமும் ஒரு விஷயம். 3,950 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதத்துக்குச் சற்றே அதிகம். விமானத்தில் வந்த அன்றே மேலே போகாமல், ஒரு இரவாவது ஸ்ரீநகரிலோ குல்மார்க்கிலோ தங்குங்கள். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் அடுத்த பெட்டியிலேயே கீழே இறங்குங்கள். இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ள பெரியவர்கள் புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது, கோங்டூரியோடு நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது.

பாதை திறந்திருக்குமா? போன் வேலை செய்யுமா?

பனி கொட்டினால் தங்மார்க்கோடு சாதாரண வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து குல்மார்க் 13 கிலோமீட்டர். சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியோ நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியோதான் மேலே போகும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஸ்ரீநகரில் வைத்துக்கொண்டால் மூடிய பாதையில் தவிக்க வேண்டியிருக்காது.

வெளிமாநிலப் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு செய்யும். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது. செயற்கைக்கோள் போனையோ, கார்மின் இன்ரீச் போன்ற கருவியையோ அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவசர எண் 112. எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதைத் தங்கும் இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.